பிலிம் ரோல் காலத்துக் குடும்பப் படங்கள்: நாம் எதற்காக ஏங்குகிறோம்?

தெற்குமாசி (இழையைத் தொடங்கியவர்)

பிலிம் கேமராவைப் பற்றி யார் எழுதினாலும் பேச்சு விரைவில் கருவியின் பக்கம் திரும்பிவிடுகிறது. அக்ஃபா கிளிக் 3, ஹாட் ஷாட், யாஷிகா எம்எஃப்-2, கோடக் கேபி 10 என்று பெயர்களைச் சொல்லி மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியை நான் குறை கூறவில்லை. ஆயினும், அக்காலத்துக் குடும்பப் படம் வீட்டில் எல்லாருக்கும் பொதுவான உடைமையாக இருந்தது என்பதையே நாம் உண்மையில் இழந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்லி மற்றவர்களின் கருத்தையும் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒரு 35 மி.மீ. ரோலில் 36 படங்கள். நுனியை வீணாக்காமல் மாட்டத் தெரிந்தவர் கையில் 37, சில வேளைகளில் 38. எங்களைப் போன்ற சம்பளக்காரர் வீடுகளில் அந்த ஒரு ரோல் பொங்கலன்று தொடங்கி, ஒரு காதுகுத்து, ஓர் அழகர்கோவில் பயணம், யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் என்று நீண்டு, தீபாவளி வரையிலும் கேமராவுக்குள்ளேயே கிடக்கும். மிச்சம் எத்தனை இருக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பத்தா ஊரிலிருந்து வந்திருக்கும்போது ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று அம்மா சொல்வார். அத்தை மகளின் திருமணத்துக்கென்று நான்கைந்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அப்பா சொல்வார். எதைப் படமாக எடுப்பது என்பதே வீட்டில் பேசி முடிவெடுக்கும் காரியமாக இருந்தது.

கழுவி வந்த பிறகும் அப்படித்தான். லேப் உறையை ஒருவர் பிரிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து, படங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறும். பிறகு அவை ஆல்பத்துக்குள் போய், பீரோவில் பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கும். உறவினர் வந்தால் காப்பி கொடுத்த கையோடு ஆல்பத்தையும் எடுத்துக் கொடுப்பார்கள். "இவர் உன் தாத்தாவின் பெரியப்பா மகன், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், பக்கத்தில் நிற்பவர் அவருடைய கொழுந்தியாள்" என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, உறவுமுறைகளை நாங்கள் கற்றுக்கொண்ட இடம் அதுவே. இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. ஆனால் அவை அவரவருக்கு உரியவை, அவரவர் கடவுச்சொல்லுக்குள் இருப்பவை. ஒருவர் திடீரென்று காலமாகிவிட்டால், அவர் எடுத்த படங்களைப் பார்க்க வழியில்லாமல் குடும்பத்தார் தவிப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேமராவைப் பிடித்தவர் படத்தில் இருக்கமாட்டார். எங்கள் ஆல்பங்களில் அப்பா மிகக் குறைவு. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று எடுக்க வேண்டும் என்று அக்காலத்துக் குறிப்பேடுகள் சொல்லும். அப்படி நின்றதால் மாலை வேளையில் எடுத்த சில படங்களின் அடிப்பகுதியில் அவருடைய நிழல் நீண்டு கிடக்கிறது. இரண்டு முழங்கைகளும் விரிந்திருக்கும் அந்த நிழலைப் பார்த்தால், எடுத்தவர் யார் என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்பதில்லை.

உங்கள் வீடுகளில் எப்படி இருந்தது? அந்த ஆல்பங்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன?

---

காவிரிக்கரை

மிக நல்ல இழை, ஐயா. உங்கள் கருத்தோடு உடன்படுகிறேன். ஆனால் சொந்தக் கேமரா வீட்டுக்குள் வருவதற்கு முன்பிருந்த காலத்தையும் இதில் சேர்க்க வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் பெற்றோரின் தலைமுறைக்குக் குடும்பப் படம் என்றால் ஸ்டூடியோவுக்குப் போய் எடுப்பதுதான். அங்கே போவதற்கென்றே சில தருணங்கள் இருந்தன. குழந்தை குப்புற விழுந்தவுடன் துணி விரித்த மேசையில் படுக்க வைத்து ஒரு படம். பெண்பிள்ளைக்குப் பூ வைத்து ஜடை தைத்த அன்று, பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, முகமும் பின்னலும் ஒருசேரத் தெரியும்படி ஒரு படம். திருமணம் ஆன சில நாட்களில் கணவன் நாற்காலியில் அமர, மனைவி அருகில் நின்று ஒரு கை நாற்காலியின் மேல் வைத்தபடி ஒரு படம். மூன்று பேராக நின்று எடுக்கக்கூடாது என்று யாராவது தடுப்பார்கள். உடனே பக்கத்தில் நிற்கும் ஒரு பிள்ளையை இழுத்து நால்வராக்குவார்கள்.

இவற்றை வெறும் பழக்கங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிச் சேர்த்து மின்வடிவாக்கியது. தன்னையும் தன் குடும்பத்தையும் எப்படிக் காட்டிக்கொள்ள மக்கள் விரும்பினார்கள் என்பதே அந்த ஆய்வின் மையம். அதில் வரும் திரைச்சீலைகளையும் மாடிப்படிகளையும் தூண்களையும் பார்க்கும்போது, எல்லார் வீட்டு ஆல்பத்திலும் அதே மாளிகை எப்படி வந்தது என்பது விளங்கும். சொந்தக் கேமரா வந்த பிறகே நம் வீட்டுத் திண்ணையும் கிணற்றடியும் மாட்டுக்கொட்டிலும் படங்களுக்குள் நுழைந்தன. பிலிம் கேமரா நமக்குத் தந்த பெரிய கொடை இதுவே என்று நான் கருதுகிறேன். எங்கள் பழைய வீடு இடிக்கப்பட்ட பின்னர் அதன் முற்றம் எப்படி இருந்தது என்பதற்கு இருக்கும் ஒரே சான்று, யாரோ ஒரு பிள்ளை சைக்கிள் பழகியபோது எடுத்த படத்தின் பின்புலம்தான்.

---

இருட்டறை

என் தந்தையார் திண்டுக்கல் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். சிறுவயது முதல், பிலிம் கழுவும் அவருடைய இருட்டறையில் உதவி செய்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், அக்ஃபா கிளிக் 3. அது வதோதராவில் இருந்த நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் இந்தியாவில் தயாரித்த கேமரா. 120 ரோல் போட வேண்டும். சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் விழும். பின்புறத்திலுள்ள சிறிய சிவப்புச் சாளரத்தில் எண்ணைப் பார்த்து நகர்த்த வேண்டும். மறந்துபோனால் ஒரு படத்தின் மேலேயே இன்னொன்று விழுந்துவிடும். தாத்தாவின் மடியில் கோபுரம் முளைத்த படங்களை நாங்கள் நிறையக் கழுவியிருக்கிறோம். 35 மி.மீ. கேமரா பரவிய பிறகு வேறு விதமான துயரம் வந்தது. பிலிமின் நுனி பல்சக்கரத்தில் பிடிக்காமல் விட்டால், ரோல் நகராமலேயே கேமரா எண்ணிக்கொண்டு போகும். படம் நகர்த்தும்போது இடப்பக்கத்து ரீவைண்ட் பிடியும் சேர்ந்து சுழல்கிறதா என்று பார்க்கும்படி, ரோல் வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் அப்பா சொல்லி அனுப்புவார். ஒரு கிரகப்பிரவேசம் முழுவதையும் எடுத்துவிட்டதாக நம்பி வந்தவரிடம் வெறும் ரோலைத் திருப்பிக் கொடுப்பது இந்தத் தொழிலில் மிகக் கொடிய வேலை.

கலர் வந்த பிறகு சிறிய ஸ்டூடியோக்களின் இருட்டறைகள் மெல்ல ஓய்ந்தன. கலர் பிலிமைக் கழுவ 1972-இல் கோடக் அறிமுகம் செய்த சி-41 முறையில் டெவலப்பர் என்ற மருந்துக் கரைசல் 37.8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், பிலிம் அதில் 3 நிமிடம் 15 விநாடி இருக்க வேண்டும். சூடு சிறிது விலகினாலும் நிறம் திரிந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தைத் தட்டிலே ஆட்டிக் கழுவிய கைகளுக்கு அந்த நுணுக்கமான இயந்திரங்களை வாங்க வசதியில்லை. எனவே ரோல்களைச் சேர்த்து மதுரைக்கும் கோவைக்கும் பேருந்தில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். நீங்கள் எல்லாரும் நினைவுகூரும் அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பார்சல் மூட்டைதான் இருந்தது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது நெகட்டிவ்களின் கதி. ஒவ்வொரு உறைக்கும் எண் போட்டு, பேரேட்டில் பெயர் எழுதி, ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருந்தோம். ரசீதோடு வந்தால் பத்து ஆண்டுக்கு முந்தைய படத்துக்கும் பிரதி கிடைக்கும். தொழில் நொடித்தபோது பல ஸ்டூடியோக்காரர்கள் அவற்றை, பிலிமிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களுக்கு எடைக்குப் போட்டார்கள். ஒரு தாலுகாவின் முகங்கள் எல்லாம் அப்படிப் போயின. தெற்குமாசி ஐயா பொதுவான உடைமை என்று சொன்னது எனக்கு அங்கேதான் உறைக்கிறது. அந்தப் பேரேடும் ஊருக்குப் பொதுவான உடைமையே.

---

வள்ளியூர்க்காரி

எல்லாருடைய நினைவுகளையும் மதிப்போடு படித்தேன். ஆனால் என் வீட்டுக் கதையையும் இந்த இழையில் பதிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் ஆச்சிக்கு இருக்கும் ஒரே படம், அவர் இறந்த பிறகு எடுத்தது. நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, நெற்றியில் காசு ஒட்டி, இரண்டு பக்கமும் பிள்ளைகள் நிற்கிறார்கள். இத்தகைய படம் தென்மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் உண்டு. உயிரோடு இருந்தபோது அவருக்காக ஒரு படம் எடுக்க எங்கள் வீட்டில் காசு இருந்ததில்லை. பீடி சுற்றிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. ரோல் பத்து மாதம் கேமராவுக்குள் கிடந்தது என்று நீங்கள் எழுதும்போது, அந்த ரோலும் கேமராவும் இல்லாத வீடுகள் தெருவில் எத்தனை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பக்கத்து வீட்டு விசேஷத்தில் ஓரமாக நின்றதால் ஒரு படத்தில் விழுந்தவர்கள் நாங்கள். அந்தப் படமும் அவர்கள் ஆல்பத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, நிறம். நான் கறுத்தவள். எங்கள் அக்காவின் திருமணப் படங்களில், சிவந்த மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் நாங்கள் நின்ற இடங்களில் பற்களும் கண்களும் மட்டுமே தெரிகின்றன. முகம் இல்லை. அதைக் காட்டி உறவினர் பேசிய பேச்சுகளை நான் இன்னும் மறக்கவில்லை. பிற்காலத்தில்தான் ஒரு செய்தி படித்தேன். கலர்ப் பிரதியின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்குக் கோடக் அனுப்பிய மாதிரி அட்டையில் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. ஷெர்லி அட்டை என்று அதைச் சொல்வார்கள். அந்த முகம் சரியாக வந்தால் போதும் என்பதே அளவுகோல். எங்கள் முகம் இருண்டதற்கு எங்கள் தோல் காரணமில்லை என்று அறிந்தபோது எனக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. இன்றைய கைப்பேசியில் என் மகளின் முகம் அவளுடைய நிறத்திலேயே, தெளிவாக விழுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்தக் காலம் திரும்ப வேண்டியதில்லை.

---

நீலமலைவாசி

வள்ளியூர்க்காரி அக்கா எழுதியதைப் படித்துச் சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

விலையைப் பற்றிச் சொன்னதால் ஒரு தகவல். வெளிநாட்டு பிலிமை நம்பியிருக்கும் நிலையை மாற்ற வேண்டும் என்றுதான் மத்திய அரசு 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தை உதகையில் தொடங்கியது. 1967-இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல், பிரதி எடுக்கும் தாள், எக்ஸ்ரே பிலிம், சினிமா பாசிட்டிவ் எல்லாம் வந்தன. தூசி குறைந்த, குளிர்ந்த மலைக்காற்று அத்தகைய ஆலைக்கு ஏற்றது. ஆலையைச் சுற்றி உருவான குடியிருப்புக்கு இன்றும் இந்து நகர் என்றுதான் பெயர். கடைக்கோடி ஊர் ஸ்டூடியோவிலும் மலிவாகப் படம் எடுக்க முடிந்ததில் அந்த ஆலையின் பங்கு உண்டு. ஆனால் மக்கள் கலருக்கு மாறியபோது நிறுவனம் கறுப்பு வெள்ளையோடு தேங்கிப்போய், 1990-களில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, கடைசியில் மூடப்பட்டது. என் சிறுவயதில் அங்கே ஷிப்ட் முடிந்து ஆயிரக்கணக்கானோர் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். முழு இருட்டில் வேலை செய்து பழகியவர்கள் அவர்கள். தொட்டுப் பார்த்தே பிலிமின் எந்தப் பக்கம் மருந்து பூசியது என்று சொல்வார்கள்.

---

வல்லைவெளி

நான் எழுதுவது ரொறன்ரோவில் இருந்து. யாழ்ப்பாணத்து வடமராட்சி என் சொந்த இடம். எங்களுடைய அனுபவம் சற்று வேறானது என்பதால் எழுத விரும்பினேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் எங்கள் வீடுகளிலும் கமரா இருந்தது. கோயில் திருவிழா, சாமத்தியச் சடங்கு, கலியாணவீடு எல்லாவற்றிலும் படம் எடுத்தோம். 1990-இன் பின்னர் போரினால் யாழ் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. பிளாஷ் வேலை செய்யாத கமராவை வைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில், மிகவும் வேண்டியபோது மட்டும் எடுத்தோம். ஆகவே எங்கள் குடும்ப அல்பங்களில் அந்த ஆண்டுகள் ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கின்றன. என் தம்பி ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை எப்படி இருந்தான் என்பது எங்கள் நினைவில் மட்டும்தான் உள்ளது.

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் புறப்பட்டபோது, அல்பம் பாரமான பொருளாக இருந்தது. சிலர் படங்களை மட்டும் உரித்தெடுத்துப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். வேறு சிலர் புதைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது எடுக்க முடியவில்லை. சோதனைகளுக்கு அஞ்சி, போராளி இயக்கத்துக்குப் போன பிள்ளையின் படங்களைத் தாய்மாரே எரித்த வீடுகளும் உண்டு. அதைப் பற்றி மேலும் எழுத என்னால் இயலாது.

ஆனால் தெற்குமாசி ஐயா சொன்ன பொதுவான உடைமை என்பது எங்களைக் காப்பாற்றிய விதத்தைச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் ஒரு நல்ல படம் விழுந்தால் அதற்கு நாலைந்து பிரதி போட்டு, கடிதத்தோடு வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்புவது வழக்கம். லண்டனில் இருந்த மாமிக்கும், பாரிஸில் இருந்த சித்தப்பாவுக்கும், இங்கே கனடாவில் இருந்த பெரியம்மாவுக்கும் அப்படி அம்மா அனுப்பியிருந்தார். ஊரில் அல்பம் முழுவதும் அழிந்த பிறகு, அந்தக் கடித உறைகளில் இருந்துதான் எங்கள் குடும்பத்தின் படங்களை மீண்டும் சேர்த்தோம். அம்மா பின்பக்கத்தில் எழுதிய குறிப்புகளோடு அவை திரும்பி வந்தன: "இது அப்பம்மாவின் ஆட்டத்திருவசத்துக்கு (ஆண்டு நினைவு நாளுக்கு) முதல் எடுத்தது. பின்னுக்கு நிற்பவர் புகையிலைக் கடைச் சின்னையா." படத்தைவிட அந்த எழுத்துதான் எங்களுக்குப் பெரிதாக இருந்தது. நெகற்றிவ் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

---

காவிரிக்கரை

வல்லைவெளி அவர்களே, பின்பக்கத்து எழுத்தைப் பற்றி நீங்கள் சொன்னதும் எங்கள் ஆல்பத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. எல்லாருக்கும்தான் தெரியுமே என்று விட்டிருக்கிறார்கள்.

---

தெற்குமாசி

எல்லாருக்கும் நன்றி. வள்ளியூர்க்காரி அம்மா எழுப்பிய கேள்வியைத் தாண்டி இந்த இழை போய்விடக்கூடாது. பொதுவான உடைமை என்று நான் எழுதியபோது ஒரு வீட்டுக்குள் பொதுவானதை மனத்தில் கொண்டிருந்தேன். அவர் காட்டியது வீடுகளுக்கு இடையிலான எல்லை. பக்கத்து வீட்டு ஆல்பத்தில் ஓரமாக விழுந்தவருக்கும் அந்தப் படத்தில் உரிமை உண்டு. அந்த உரிமையை இன்று நம்மால் எளிதாகக் கொடுக்க முடியும் என்பதே கைப்பேசிக் காலத்தின் பெரிய நன்மை. ஆகவே ஆல்பம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் விசேஷப் படங்களில் ஓரத்தில் நிற்பவர்கள் யார் என்று கேட்டறிந்து, அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சமையலுக்கு வந்தவர், மேளக்காரர், பந்தல் போட்டவர், வீட்டு வேலை செய்தவர், தெருப்பிள்ளைகள் என்று நம் படங்களின் ஓரங்களில் நிற்பவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு வேறு படமே இருக்காது. குழுப் படத்தில் இருந்து ஒரு முகத்தைப் பிரித்து, பெரிதாக்கி, தூரிகையால் சட்டையும் புடவையும் வரைந்து மாலை போடும் படமாக்கித் தந்த ஸ்டூடியோக்காரர்கள் அன்று இதைத்தானே செய்தார்கள்? நெகட்டிவ் இருந்தால் இன்று அதைவிடத் தெளிவாகச் செய்யலாம்.

வல்லைவெளி அவர்கள் சொன்ன பின்பக்கக் குறிப்பு இரண்டாவது காரியம். எங்கள் வீட்டில் கடந்த சில மாதங்களாக ஒரு வழியைக் கடைப்பிடிக்கிறோம். எண்பதைக் கடந்த அத்தையிடம் ஆல்பத்தைக் கொடுத்து, பக்கத்தில் கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச வைக்கிறோம். எழுதச் சொன்னால் பெயர் மட்டும் வரும். பேசச் சொன்னால் அந்தப் பெயருக்குரியவர் எந்தக் கடனை அடைத்தார், யாரோடு பேச்சு நின்றது, அந்தப் புடவை யார் எடுத்துக் கொடுத்தது என்பதெல்லாம் வருகிறது. ஒரே ஒரு படத்தைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசியதும் உண்டு. பெயர் நினைவுக்கு வராதபோது அவரை நெருக்காமல் அடுத்த படத்துக்குப் போய்விட வேண்டும். வேறு ஏதோ ஒரு படத்தைப் பார்க்கும்போது அந்தப் பெயர் தானாக வந்துவிடுகிறது.

---

அடையாறு மாணவி

நான் பிறந்தபோது வீட்டில் டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. எனவே நினைவு எதுவும் சொல்ல என்னிடம் இல்லை, உதவிதான் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தள வீட்டில் தண்ணீர் புகுந்தது. பெரும்பாலான ஆல்பங்கள் போய்விட்டன. தாத்தா பாட்டியின் திருமணப் படம் சட்டத்தோடு தப்பியது. ஆனால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆல்பத்தில் பக்கங்களே பசைத்தாளாக இருப்பதால் படங்களைப் பிரிக்க முடியவில்லை. ஒரு டப்பாவில் நெகட்டிவ் துண்டுகள் இருக்கின்றன. இவற்றை என்ன செய்வது என்று இருட்டறை ஐயா சொல்ல முடியுமா?

---

இருட்டறை

மகளே, கண்ணாடியில் ஒட்டிய படத்தை எக்காரணம் கொண்டும் பிய்க்க வேண்டாம். முகங்கள் இருக்கும் மேற்படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் மெல்லத் துடைத்து, அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். கேமராவால் எடுப்பதானால், கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாதபடி ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும் இடத்தில் வைத்து, எதிரே ஒரு கறுப்புத் துணியைப் பிடித்து எடுங்கள். பிறகு அந்தச் சட்டத்தைச் சமையலறைச் சுவரிலோ நேர் வெயில் படும் இடத்திலோ மாட்டாதீர்கள்.

பசைத்தாள் ஆல்பம் எண்பதுகளில் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருந்தது. அந்தப் பசை காலப்போக்கில் மஞ்சளாகிப் படத்தைக் கெடுக்கும். முதலில் பக்கங்களை இருக்கும் நிலையிலேயே ஸ்கேன் செய்துவிடுங்கள். அதன் பின்னர், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே நுழைத்து, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் பல படங்கள் சேதமில்லாமல் வந்துவிடும். வராதவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். பிரித்தவற்றைப் பிவிசி உறையில் போடாமல் பாலிபுரொப்பிலீன் உறையிலோ அமிலமற்ற காகித உறையிலோ வையுங்கள். இராமபாணப் பூச்சிக்காக டப்பாவை மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். இனி எப்போதாவது படங்கள் நனைந்தால், ஒன்றோடொன்று ஒட்டி உலர விடாதீர்கள். குளிர்ந்த தூய நீரில் அலசிப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்த வேண்டும். உடனே செய்ய நேரமில்லாவிட்டால் நெகிழிப் பையில் போட்டு உறைகுளிர் பெட்டியில் வைக்கலாம்.

நெகட்டிவ் இருப்பது பெரும் பேறு. விளிம்பை மட்டும் பிடியுங்கள். மங்கலான பக்கம் மருந்துப் பக்கம், அதைத் தொடக்கூடாது. தூசியை ஊதுகுமிழால் நீக்குங்கள், வாயால் ஊத வேண்டாம். நெகட்டிவுக்கென்று பின்விளக்கு உள்ள ஸ்கேனரில் 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்) வைத்தால் ஒரு 35 மி.மீ. படத்துக்கு ஏறக்குறைய 3400 × 2270 புள்ளிகள் கிடைக்கும். சுவரில் மாட்டும் அளவுக்குப் போதும். அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் வசதியைக் கலர் நெகட்டிவுக்குப் பயன்படுத்துங்கள். கறுப்பு வெள்ளைக்கு அதை அணைத்துவிட வேண்டும், வெள்ளித் துகள்களையே அது தூசி என்று எடுத்துக்கொள்ளும். பழைய கலர்ப் பிரதிகள் செவ்வண்ணமாக மாறியிருப்பது, இருட்டில் இருந்தாலும் அவற்றின் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதால்தான். ஸ்கேன் செய்த பின்னர் கணினியில் ஓரளவு மீட்கலாம். வள்ளியூர்க்காரி தங்கைக்கும் ஒன்று: கலர் நெகட்டிவில் இருண்ட முகத்தின் விவரம் பல வேளைகளில் பதிந்தே இருக்கும், பிரதி போட்டபோது ஆய்வகம் வெளுத்த முகத்துக்கு ஒளியைக் கணக்கிட்டதால் மற்ற முகங்கள் அமிழ்ந்துபோயிருக்கும். உங்கள் அக்காவின் திருமண நெகட்டிவ் எடுத்தவரிடமோ மாப்பிள்ளை வீட்டிலோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள். முகங்களுக்கு ஏற்றபடி நானே ஸ்கேன் செய்து தருகிறேன்.

---

வள்ளியூர்க்காரி

நன்றி அண்ணா. அத்தான் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருப்பதாக அக்கா சொல்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.